அனேலேயின் படங்களும் அவை எடுக்கப்பட்ட இடங்களும்

படங்களைப் பேக்கப் எடுப்பதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஏதோ ஆசைப்பட்டு நான் இந்த வேலையில் இறங்கியதாக அனேலே அக்காவின் மகள் யோலித்தா உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். திரையில் ஒரு பட்டை நகரும். நூற்றுக்கு மூன்று என்று காட்டும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே மூன்று. எங்கள் ஊர் நூலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். வரேனா வட்டாரத்தில் பாதிப் பேருடைய பேரப்பிள்ளைகளும் பூனைகளும் என் கை வழியாகத்தான் கிளவுடுக்குப் போயிருக்கின்றன. இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

அனேலே அக்கா எனக்கு அடுத்த வீடு. முப்பத்தாறு வருடம் தபால்காரியாக இருந்தவர். 'பச்சை வேலி வீட்டு மாமாவுக்கு' என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தையும் சரியான கையில் சேர்த்தவர். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் அவற்றின் நாய்களும் அவருக்கு மனப்பாடம். தன் ஞாபகசக்தியைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் காட்டில் பாராவிகஸ் காளான்தான் ராஜா. மழை பெய்த நாலு நாளில் முளைக்கும், உறைபனி விழுந்தால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். எத்தனை கிடைத்தது என்று ஒருவரைக் கேட்கலாம். காயவைத்தாயா, ஊறுகாய் போட்டாயா என்றும் கேட்கலாம். எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் கண்ணை மூடியவர்கள் நம் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நீங்களே காரைச் சாலைக்கு ஒரு பக்கம் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கக் காட்டுக்குள் நடந்து போகிறவர்தான். நான் தப்பு சொல்லவில்லை, அதுதான் முறை.

ஒரே ஒரு முறை அனேலே அக்காவிடம் நான் வாய் தவறிக் கேட்டிருக்கிறேன்.

"இவ்வளவு பெருசா எங்கக்கா கிடைச்சுது?"

"காட்டுலதான்ப்பா விதாஸ். பின்ன என் அடுப்படியிலயா முளைக்கும்?"

அவரிடம் ஒரு பழக்கம். நல்ல காளானைப் பார்த்தால் உடனே வெட்ட மாட்டார். அளவு தெரிவதற்காகக் கத்தியைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுப்பார். மிக நெருக்கத்தில், ஒரு மரம்கூட விழாதபடி எடுப்பார். மரத்தின் பட்டையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடும் ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கிளை தெரிந்தாலும் அழித்துவிட்டு மறுபடி எடுப்பார். அவ்வளவு கெட்டிக்காரி. ஆனால் ஒவ்வொரு படத்துக்கு உள்ளேயும் அது எடுக்கப்பட்ட இடத்தை போன் குறித்து வைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. அதை நான் சொல்லியிருக்கலாம்தான். அவர் கேட்கவில்லை.

ஜூலையில் அவருடைய போன் நிரம்பிவிட்டது. புது போன், பழைய போன், கேமரா கார்டு எல்லாவற்றையும் பழைய தபால் பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம் படங்கள். அவற்றில் அவர் கணவர் கஸீஸும் இருந்தார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது.

"இதுல ஒரு வீடியோ இருக்கு விதாஸ். பதினோரு செகண்டு. சீட்டியடிச்சுக்கிட்டே வண்டி துடைக்கிறான். அது எங்கயும் போயிடக்கூடாது."

"கிளவுடுல ஏத்திட்டா போகாதுக்கா."

"ஒரு தடவை போனதே போதும் அந்த ஆளு. ரெண்டாவது தடவை போகவிட மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்காக ஒரு கணக்குத் திறந்தேன். பாஸ்வேர்டையும் நானே யோசித்துக் கொடுத்தேன். மூன்று நாள் அந்தப் பட்டை நகர்ந்தது. மூன்றாம் நாள் மாலை எல்லாப் படமும் ஏறி முடிந்ததும், வரைபடம் தானாகவே திறந்துகொண்டது. சரி, நான் ஒரு பட்டனை அழுத்தினேன். அழுத்தினால்தான் திறக்கும்.

காடு முழுக்கக் கடுகு சிந்தினாற்போலப் புள்ளிகள். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஓர் எண். ஓடைக்கு அப்பால் எண்பத்தேழு. பழைய ரயில் பாதையோரம் இருநூற்றுப் பன்னிரண்டு. நான் பிறந்து வளர்ந்து ஐம்பத்தெட்டு வருடமாக அலைந்த காடு அது. அதில் எனக்கு மொத்தம் நாலு இடம்தான் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கணக்காகப் பார்த்தேன். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அதைப் பொறுப்பு என்றுதான் நினைத்தேன். பேக்கப் எடுத்தவன் அது சரியாக ஏறியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் ஒரு புள்ளிக்குப் போனேன். பிர்ச் மரத்தடியில் ஏழு பாராவிகஸ் நின்றன. தகவல் சரியாகவே ஏறியிருந்தது.

ஒரு புள்ளியை வைத்து முடிவுக்கு வர முடியாது. அதனால் மற்றவற்றுக்கும் போனேன். நூலகத்துக் கம்ப்யூட்டரைக் காட்டுக்குள் தூக்கிப் போக முடியாதல்லவா, அவருடைய கணக்கை என் போனில் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு காலை அனேலே அக்கா வெறும் கூடையோடு வந்து என் வேலியருகே நின்றார்.

"யாரோ என் இடத்துக்கு வந்துட்டுப் போயிருக்காங்க விதாஸ். அடித்தண்டு அப்படியே நிக்குது. வெட்டு புதுசு."

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். இதை ஒத்துக்கொள்கிறேன்.

"நீங்களே நேத்து வெட்டியிருப்பீங்கக்கா."

"நேத்தா? நேத்து நான் வீட்டுல ஜாம் போட்டுக்கிட்டு இருந்தேன்ப்பா."

"அது முந்தாநாள்க்கா. எனக்கு ஒரு பாட்டில் குடுத்தீங்களே."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டே வீட்டுக்குள் போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரன் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். இந்த வயதில் அது பெரிய அடி. அதற்கு ஜாம் போட்ட தேதி ஒன்று குழம்பிப் போவது எவ்வளவோ மேல்.

இரண்டு வாரம் கழித்து நூலகத்துக்கே வந்துவிட்டார். யோலித்தா நார்வேயிலிருந்து போனில் பேசும்போது, படத்தில் இடமும் தேதியும் இருக்கும், அதைப் பார்த்து உறுதி செய்துகொள் அம்மா என்று சொல்லியிருக்கிறாள். படித்த பெண். அப்படி ஏதாவது சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே வேலையை முடித்து வைத்திருந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, இடத்தை மாற்றி, சேமித்து. ஒன்பது மதிய இடைவேளைகள் அதற்கே போயின. புள்ளிகளை ரொம்ப தூரம் தள்ளவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம். பைன் மரங்களுக்கு நடுவில் இருந்ததைச் சதுப்பு நிலத்து ஓரம். அசல் இடங்களை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எதற்கும் ஒரு பிரதி தனியாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

திரையில் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் பைன் மரத்துக்கிட்டன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். இது சதுப்பு ஓரம்னு காட்டுதே."

"கம்ப்யூட்டர் காட்டுறதுதான்க்கா சரி."

"அது பொய் சொல்லுமா?"

"அதுக்கு எதுக்குக்கா பொய்?"

தலையாட்டினார். கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு காட்டுக்குப் போவதைக் குறைத்தார், பிறகு நிறுத்திவிட்டார். சமையலறை அலமாரிகளில் சீட்டு ஒட்டினார்: உப்பு, சர்க்கரை, தீப்பெட்டி. நானூறு வீட்டைத் தலையில் வைத்திருந்தவர். ஒருநாள் மறதி வியாதியா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்.

"கடிகாரம் வரையச் சொன்னாங்க விதாஸ். பத்து மணி பத்து நிமிஷம்னு முள்ளு வெச்சேன். சரியாத்தான் இருக்குன்னுது அந்த டாக்டர். அதுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு."

"இருந்தாலும் பார்த்துக்குங்கக்கா," என்றேன். அக்கறையில்தான் சொன்னேன்.

அவரை நான் கைவிடவில்லை. வாராவாரம் ஒரு பாட்டில் காளான் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"இது எங்க ரயில் பாதை காளான் மாதிரியே இருக்குப்பா."

"சந்தையில வாங்கினதுக்கா."

நம் ஊரில் ஓர் ஆம்பிளை தன் வாயால் சொல்லக்கூடிய பேச்சா அது? காளானைச் சந்தையில் வாங்கினேன் என்று சொல்வதற்கு, பிள்ளையைச் சந்தையில் வாங்கினேன் என்று சொல்லிவிடலாம். அவருடைய மன நிம்மதிக்காக அந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டேன். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

செப்டம்பர் நடுவில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் பக்வீட் தானியத்தில் செய்த கேக் இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"கஸீஸோட இடம் ஒண்ணு இருக்கு. நாங்க ரெண்டு பேர் மட்டும் போற இடம். அங்க நான் படமே எடுத்ததில்ல. எடுத்தா அவனுக்குப் பிடிக்காது."

"எதுக்குக்கா எங்கிட்ட சொல்றீங்க?"

"எனக்கு மறந்துபோச்சுன்னா அது போயிடும்ப்பா. யோலித்தாவுக்குச் சொன்னா புரியாது, அவ மரத்தையே பார்த்து வளரல. உங்கிட்ட இருக்கட்டும். நான் கேக்கும்போது திருப்பிக் குடு."

வழியைச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் சொன்னார். அந்த வழியை நான் இங்கே எழுதவில்லை. வழக்குக்கு அது தேவைப்படாது.

எனக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது, ஐயா. பொய் சொல்லவில்லை. மற்ற இடங்களையெல்லாம் நானாகத் தேடிக்கொண்டேன். இதை அவரே என் கையில் கொடுத்தார். இதற்கு மேல் யாராவது என்னைத் திருடன் என்று சொன்னால் அது நியாயமே இல்லை என்று தோன்றியது. மறுநாள் காலையிலேயே போனேன். அங்கே ஒன்று நின்றது. அதன் குடை என் முகத்தை விடப் பெரியது. அதைக் கன்னத்தோடு வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒருமுறை கிடைப்பது.

நல்ல பேக்கப் நம்மைக் கேட்காமலேயே வேலை செய்யும். நூலகத்தில் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. என் போனில் திறந்திருந்தது அனேலே அக்காவின் கணக்கு. நான் எடுத்த படம் பத்திரமாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, லீவில் வந்திருந்த யோலித்தா, அப்பா சீட்டியடிக்கும் வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று கணக்கைத் திறந்திருக்கிறாள். முதலில் வந்தது நான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"விதாஸ் மாமா! அம்மா போன்ல உங்க மூஞ்சி எப்படி வந்துச்சு?"

"செருப்பு மாட்டிக்கிட்டு வரேன்மா," என்றேன். செருப்பு காலில்தான் இருந்தது. உள்ளே போய் என் போனில் அந்தப் படத்தின் இடத்தை மட்டும் மாற்றினேன். பெரிய ஏரியின் நட்ட நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றோ ஓட வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவின் கணக்கு என் போனில் திறந்திருப்பதைப் புரிந்துகொண்டு யோலித்தா என்னென்னவோ சொன்னாள், அதெல்லாம் உங்கள் புகார்த் தாளில் இருக்கிறது. அனேலே அக்கா திட்டவில்லை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ எனக்கு மறதி ஒண்ணுமில்லையா விதாஸ்?"

"ஒண்ணுமில்லக்கா."

"அன்னிக்கு ஜாம் போட்டது?"

"நேத்துன்னு நீங்க சொன்னதுதான்க்கா சரி."

பெரிதாகச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்திலும் எனக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். உடனே மகளையும் கூட்டிக்கொண்டு கஸீஸின் இடத்துக்குப் புறப்பட்டார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுவிட்டாராம். இடமா வலமா என்று இரண்டு பக்கமும் பத்தடி போய்ப்போய்த் திரும்பினாராம். இரண்டு மாதமாகத் தன் தலையை நம்பாமலிருந்து பழகிவிட்டார். வேலியில் கையை வைத்துக்கொண்டு, "நான் கேட்டா திருப்பிக் குடுக்கிறதாத்தானே பேச்சு?" என்றார்.

நீங்களும் நேற்று அதையேதான் கேட்டீர்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த ஓர் இடத்தை மட்டும் வரைபடத்தில் குறித்துக் கொடு, அந்த அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்றீர்கள்.

என் பதில் இது. குற்றம் முழுக்க என்னுடையது. அவருடைய கணக்கைத் திறந்தேன், காளான்களை எடுத்தேன், படங்களின் இடத்தை மாற்றினேன், நல்ல புத்தியோடு இருந்த ஒருவரை மறதிக்காரி என்று நம்பவைத்தேன். என்ன தண்டனை என்றாலும் சம்மதம். நோட்டையும் கொடுத்துவிட்டேன், காளான் பைத்தியமான உங்கள் மைத்துனர் கண்ணில் படாமல் பூட்டி வையுங்கள். ஆயிரத்து நூற்று நாற்பது படங்களையும் பழைய இடத்துக்கே மாற்றித் தருகிறேன். கஸீஸின் இடத்தையும் காட்டுகிறேன், வரைபடத்தில் இல்லை, நானே அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன். அவரிடம் பட்ட கடன் அது, எனக்கும் மனசாட்சி இருக்கிறது. கல்லறைத் திருநாள் கழியட்டும், உறைபனி விழட்டும், நவம்பர் மூன்றாம் தேதி காலையில் போகலாம். இந்த வாரம் மட்டும் கேட்காதீர்கள், ஐயா. நேற்று நல்ல மழை பெய்திருக்கிறது.