வழியில் எங்கும் நிற்காத வண்டி

இல்ல தம்பி, பேட்டரின்னு நீயா முடிவு பண்ணாத. நான் பாக்கேன். நீ உள்ள உக்காந்து சாவிய மட்டும் திருப்பு. ம்... டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். இப்ப ஹெட்லைட்டப் போட்டுட்டுத் திருப்பு. பாத்தியா, லைட்டு மங்கவே இல்ல. பேட்டரி வீக்குன்னா லைட்டு அழுது வடிஞ்சிருக்கும். கரண்டு இருக்கு, சேர வேண்டிய எடத்துக்குச் சேரல. எஞ்சினச் சுத்தி எழுப்புத செல்ப் மோட்டார்லதான் கோளாறு. இறங்காத, இரு. கேக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு.

ஆறுமுகநேரியில இருந்து வாரேன்னு சொன்ன. செல்ப் எடுக்காத மாருதிய அங்கன தள்ளி ஸ்டார்ட் பண்ணியிருக்க. சரி. தள்ளி எடுத்த வண்டிய வழியில ஆஃப் பண்ண முடியாது, பண்ணினா திரும்பத் தள்ளணும். அப்போ ஆத்தூர், முக்காணி, பழையகாயல் எல்லாம் தாண்டி, ஒரு டீ குடிக்கக்கூட நிக்காம வந்திருக்க. முத்தையாபுரத்துல மட்டும் ரோட்டு மேலயே எத்தன ஒர்க்‌ஷாப் இருக்கு? உப்பு லாரியும் ஹார்பர் லாரியும் வரிசையா நிக்கும். அத்தனையும் விட்டுட்டு, மில்லர்புரத்துச் சந்துக்குள்ள, ஒரு போர்டு கூட இல்லாத என் ஷெட்டு, இந்த ரோச்சு ஷெட்டு வாசல்ல வந்து எஞ்சின ஆஃப் பண்ணுத. நான் இத நம்பணும்.

எல்லாரும் சொன்னாங்களா. எல்லாரும்னா யாரு? ஒரு பேரச் சொல்லு. ஞாபகம் இல்ல. ம். உன் பேராவது ஞாபகம் இருக்கா? தங்கதுரை. நல்ல பேருதான், சொல்லும்போது ஏன் தரையப் பாக்க?

கோவிச்சுக்காத. யாரு வந்தாலும் நான் கேப்பேன். வண்டி யாருது, எங்க போவுது, யாரு ஏறப் போறா. கிறுக்கன்னு சொல்லுதானுவ, சொல்லட்டும். பதினொரு வருஷமா அப்படித்தான். ஏன்னு பொறவு சொல்லுதேன்.

இரு, பேட்டரிக்கு எர்த் போற வயரப் பாத்துருவோம். உங்க ஊரு உப்பளக் காத்துக்கு முதல்ல அரிக்கது இதுதான். நிறைய பேரு இதப் பாக்காம நல்ல மோட்டார மாத்திட்டுப் போயிருவான். இது சுத்தமா இருக்கே. யாரோ துணி வச்சுத் தொடச்சு, கிரீஸ் தடவி வச்சிருக்கா. நீயா? உன் கையப் பாத்தா அப்படித் தெரியலயே. உன் வீட்டுக்காரி செய்வாவளா? எங்கன படிச்சாவளாம் இந்த வேலைய? சரி, விடு.

இப்ப மோட்டார் மண்டையில சுத்தியலால ஒரு தட்டு தட்டுதேன், திருப்பு. பாத்தியா, ஒரு சுத்து சுத்திட்டு நின்னுட்டு. அப்போ கார்பன் தேஞ்சு போச்சு. உள்ள கரிக்கட்டி மாதிரி ரெண்டு துண்டு உரசிக்கிட்டே இருக்கும், அதுதான். இது நேத்தோ முந்தாநாளோ வந்த கோளாறு இல்ல. எத்தன மாசமாத் தள்ளுதீய? மூணு மாசமா. யாரு தள்ளுவா? நீ ஸ்டியரிங்ல இருந்தா பின்னால நிக்கது யாரு? வீட்டுல ஆளு இருக்காவளா. ம்.

பேட்டரி வயரக் கழத்திட்டேன், இனி சாவியத் தொடாத. மோட்டாரு இறங்கட்டும்.

இந்தா, டீ வந்துட்டு. எடுத்துக்க. விருந்தாளிக்குன்னு அலமாரியில வச்சிருக்க கப்புல்லா இது. காலையில இருந்து எனக்கு ரெண்டு, இது மூணாவது டீ, கேட்டியா. என் பொஞ்சாதி இந்த ஷெட்டுக்குள்ள கால வச்சு வருஷம் பத்து இருக்கும். எண்ணெ நாத்தம், தலவலின்னு சொல்லுவா. இன்னைக்கு அவளுக்குத் தலவலியே வரல. உனக்குச் சக்கர எவ்வளவுன்னு கூட அவ கேக்கல, கவனிச்சியா? நான் கவனிச்சேன்.

போனும் அப்படித்தான். நான் உள்ள போனா வச்சிருவா. யாருன்னு கேட்டா ராங் நம்பரும்பா. ஒரு ராங் நம்பரு தினமும் மதியம் ரெண்டு மணிக்கு வருமா? வந்து அரைமணிக்கூறு பேசுமா?

சரி, அத விடு. மேல் போல்ட்டு இரும்பு, துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. கீழ் போல்ட்டு... ம். பின் சீட்டுல உன் டார்ச்சு ஒண்ணு கெடக்கே, எடுத்துக்கிடுதேன். இங்க வா. இறங்கி வா, பரவால்ல. டார்ச்ச இப்படிப் பிடி. என்ன நிறத்துல இருக்கு சொல்லு. மஞ்ச. பித்தள. செல்ப் மோட்டாருக்கு எவனும் பித்தள போல்ட்டு போட மாட்டான். இது வள்ளத்து எஞ்சின் சாமான். சங்கு குளிக்கப் போற வள்ளத்துல போடுதது. பதினொரு வருஷம் உப்புக் காத்துல கெடந்தும் ஒரு பொட்டுத் துரு கெடையாது. தலையில அரத்தால கீறின ஒரு சிலுவை தெரியுதா? நான் தொட்ட சாமானுக்கெல்லாம் நான் போடுத அடையாளம் அது.

உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? மேல காத்தாடி ஓடத்தான செய்யுது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால, மாதா கோயில் திருவிழா. தேர் அன்னைக்கு ஊர்ல ஒரு கட கெடையாது. சாயந்தரம் ஒரு பையன் இந்த வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தான். போல்ட்டுக்கு மரை தேஞ்சு போயி, மோட்டாரு ஆடிக்கிட்டு நின்னுது. அண்ணாச்சி, காலையில ஒரு கல்யாணத்துக்குப் போகணும், வண்டி மக்கர் பண்ணக் கூடாதுன்னான். கல்யாணம்னு சொல்லுதானேன்னு மச்சான் வள்ளத்துல போயி இந்த போல்ட்டக் கழத்திட்டு வந்து மாட்டுனேன். யாருக்குக் கல்யாணம்னு கேக்கல. அப்பெல்லாம் நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

மறுநாள் விடியக்காலம் படுத்துக் கெடக்கேன், தெருவுல இந்த வண்டி ஒரே திருப்புல எடுத்த சத்தம் கேட்டுது. என் கைவேலைல்லா. பெருமையாத் திரும்பிப் படுத்துட்டேன். எந்திச்சுப் பாத்தா வீட்டுல என் மகளக் காணோம்.

விஜிலா அவ பேரு. உனக்குத் தெரியும்.

இரு, இரு, இப்ப ஒண்ணும் பேச வேண்டாம். கல்யாண போட்டோ ஒண்ணு தபால்ல வந்துது. நான் ஏறிட்டுப் பாக்காமக் கிழிச்சுப் போட்டேன். அன்னைக்கு வண்டியக் கொண்டாந்ததும் உன் கூட்டாளி எவனோ, அதான் உன் மூஞ்சி எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா ஸ்பேனர் உன் மண்டையில இருந்திருக்கும்னு பயந்துதான் தங்கதுரைன்னு பேரு வச்சுக்கிட்டு வந்த. ஊரு சொன்ன பேரு செந்தூர்பாண்டி, அப்படித்தான?

நீ வந்தவுடனே தெரியாது. போல்ட்டப் பாத்தும் வண்டி கைமாறி இருக்கும்னுதான் மனசு சொல்லிச்சு. டார்ச்ச எடுக்கப் பின் சீட்டுப் பக்கம் குனிஞ்சேன் பாரு, அங்கன ஒரு பள்ளிக்கூட நோட்டு கெடந்துது. மேல லேபிள் ஒட்டியிருக்கு. விக்டோரியா, நாலாம் வகுப்பு. உங்க சொந்தபந்தத்துல எவன் பிள்ளைக்கு விக்டோரியான்னு பேரு வச்சிருக்கான்? உனக்கு டீ கொண்டாந்தாளே, அவ பேரு அது.

அப்போ மூணு மாசமா என் மகளா வண்டி தள்ளினா? ஆறுமுகநேரியில மெக்கானிக்கே இல்லையா? பொம்பளப் பிள்ளைய தினமும் காலையில... என்னது? திரும்பச் சொல்லு. சிலுவை கீறின போல்ட்டு அதுல இருக்கு, எங்கப்பா கையத் தவிர இன்னொரு கை அதத் தொடக் கூடாதுன்னு சொன்னாளா.

வயரத் தொடச்சு கிரீஸ் போட்டதும் அவதான். சின்னப் பிள்ளையில என் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து பாத்தது.

கொஞ்சம் அந்தப் பக்கம் பாரு. கண்ணுல கரி விழுந்துட்டு.

நெசத்தச் சொல்லணும்னா, நீ வேணும்னே கெடுத்து விட்டுட்டு நாடகம் ஆடுதியோன்னுதான் மோட்டாரப் பிரிச்சேன். நாடகம் இல்ல. இந்தா பாரு கார்பன, விரல் நகம் அளவு கூட இல்ல. பழைய மோட்டாரு போவட்டும். ஷெல்புல நான் ரெடி பண்ணி வச்சது ஒண்ணு இருக்கு, ரெண்டு புது இரும்பு போல்ட்டும் இருக்கு. பித்தள போல்ட்ட நான் திருப்பி மாட்டல. அது என் சட்டப் பையில கெடக்கட்டும். அந்த ஸ்பேனர எடு. பன்னெண்டாம் நம்பரு. நீ பிடி, நான் முறுக்குதேன்.

ம், ஆச்சு. ரெண்டு போல்ட்டுலயும் சிலுவை கீறிட்டேன், வீட்டுல போயி காட்டு. வயர மாட்டியாச்சு. ஏறு. சாவியத் திருப்பு.

கேட்டியா. ஒரே திருப்புல எடுத்துட்டு. அன்னைக்குக் கேட்ட அதே சத்தம்.

ஆக்சிலேட்டர ஏன் மிதிச்சுக்கிட்டே இருக்க? பழக்க தோஷம். இனி நிக்க வேண்டிய எடத்துல எல்லாம் நிக்கலாம், ஆஃப் பண்ணலாம், திரும்ப எடுக்கலாம். ஞாயித்துக்கிழம பூசை முடியுத நேரத்துக்கு வா. பின் சீட்டு காலியா வந்தியோ, இந்த வாசல்ல உன் வண்டி நிக்காது.

இப்ப ஆஃப் பண்ணிட்டு இறங்கு. உள்ள தட்டு வைக்க சத்தம் கேக்குது பாரு. ரெண்டு பேரு இருக்க வீட்டுல அவ மூணு தட்டு வைக்கா.