பொட்டலத்தில் இல்லாத நான்காவது மாத்திரை

பெயர்: வசந்தகுமாரி. தந்தை பெயர்: குணசேகரன். வயது: 26. தொழில்: பதிவு பெற்ற மருந்தாளுநர். முகவரி: ஆவடி, பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு. நாள்: 30.6.1997, திங்கட்கிழமை, முற்பகல் 11 மணி.

நான் மேற்சொன்ன முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். என் தந்தை தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். எனக்குத் திருமணம் ஆகவில்லை. 1993 ஆகஸ்ட் முதல் அயனம்பாக்கத்தில் மணவாளன் என்பவர் நடத்தும் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். கடையின் உரிமத்தில் பொறுப்பு மருந்தாளுநராக என் பெயர்தான் இருக்கிறது. சென்ற 27-ஆம் தேதி அரசு மருத்துவமனையில் இறந்துபோன வேம்புலியம்மாள், வயது 69, என்பவரின் மகன் கன்னியப்பன் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன். உதவி ஆய்வாளர் ஜெயராமன் அவர்கள் முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல ஏட்டு கோவிந்தராஜ் எழுதுகிறார்.

கடைசியாகக் கொடுத்த பொட்டலத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். முதல் பொட்டலத்திலிருந்து சொல்லாவிட்டால் கடைசிப் பொட்டலம் விளங்காது என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னால் என் பதிவு ரத்தாகலாம் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அதன் பிறகு எழுதிக்கொள்ள அனுமதித்தார்.

எங்கள் கடைக்குக் கை கால் வலி என்று வருகிறவர்கள் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. வலிக்கு ஒரு செட்டு என்று கேட்பார்கள். அட்டைகளிலிருந்து மாத்திரைகளைக் கத்தரியால் வெட்டி, வேளைக்கு நான்காக, சின்னக் காகித உறைகளில் போட்டுக் கொடுப்போம். வலிக்கு ஒரு மஞ்சள், வயிற்றுக்கு ஒன்று, சத்துக்கு ஒரு சிவப்பு, நான்காவது ஒரு சின்ன வெள்ளை. சின்ன வெள்ளை என்பது ஸ்டீராய்டு. வலியை அன்றே அடக்கிப் பசியையும் தெம்பையும் கொண்டுவருவது அதுதான், வாங்கியவர் திரும்பி வருவதும் அதற்காகத்தான். மருத்துவரின் சீட்டு கேட்பதில்லை. உறையின் மேல் எதுவும் எழுதுவதில்லை. இது எங்கள் கடையில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை, ஆனால் மற்றக் கடைகளைப் பற்றி நான் சாட்சி சொல்ல வரவில்லை.

வேம்புலியம்மாள் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்து வந்தார். இரண்டு முழங்காலிலும் வலி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவருக்கு முதல் பொட்டலத்தை நான்தான் கட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு ஐந்து நாளைக்கு ஒருமுறை வருவார். முதல் வாரத்திலேயே நன்றாக நடந்து வந்தார். ஒரு வருடத்துக்குள் முகம் உருண்டு பளபளப்பாகிவிட்டது. மருமகள் புஷ்பா சோறு நன்றாகப் போடுகிறாள் போலிருக்கிறது என்று தெருவில் கேலி செய்தால், "சோறு இல்ல நைனா, இந்தப் பொண்ணு கை ராசி" என்பார். அது ஸ்டீராய்டால் வரும் வீக்கம் என்று எனக்குத் தெரியும். நான் சிரித்துக்கொண்டே அடுத்த பொட்டலத்தைக் கொடுத்தேன். இப்படி ஏறத்தாழ நான்கு வருடம்.

இந்த வருடம் மே மாதம், வயதானவர்களின் வலியை மருந்துக் கடைக்காரர்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று பயிற்சி நடக்கப்போவதாக அம்பத்தூரில் மருந்தாளுநராக இருக்கும் ஜேம்ஸ் என்னிடம் சொன்னார். ஒரு அறக்கட்டளை நடத்தியது. ஜூன் 8, 15, 22 ஆகிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம். நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். முதல் ஞாயிறு, வலியை எப்படிக் கேட்டு அறிவது என்பது. வயதானவர்கள் வலியைக் குறைத்துச் சொல்வார்கள் என்றும், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று எண்ணாகக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது ஞாயிறு, நாங்கள் கொடுக்கும் செட்டு என்ன செய்கிறது என்பது. குடலில் புண், சிறுநீரகம் கெடுதல், எலும்பு பொடியாதல், சர்க்கரை ஏறுதல் என்று படம் போட்டுக் காட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, "அப்ப நாம இன்னா கொலகாரனுங்களா சார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் நின்றுகொண்டே, இனிமேல் சின்ன வெள்ளையை என் கையால் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். மூன்றாவது வகுப்பின் தலைப்பு 'ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள்' என்று அட்டவணைத் தாளில் இருந்தது. நான் அதைப் படித்தேன். ஒரு வாரம் காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் 16-ஆம் தேதி காலை கடை முதலாளியிடம் என் முடிவைச் சொன்னேன். அவர், "போடாத. அந்தக் கெயவி வேற கடைக்குப் போச்சின்னா நீயே போய் இட்டாந்துடு. புக்கு படிக்கிற பொண்ண வேலைக்கு வெச்சா இப்டித்தான்" என்றார். அன்று பதினோரு மணிக்கு வேம்புலியம்மாள் வந்தார். உறையில் மூன்று மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அங்கேயே பிரித்துப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, மூணுதான் கீது. ஒண்ண நீ முயுங்கிட்டியா? உனுக்கும் முட்டி வலியா?"

அந்த மாத்திரை எலும்பை அரிக்கும், இனி வேண்டாம் என்று சொன்னேன். அதற்கு அவர், "நாலு வருசமா துன்னுகினு கீறேன், இன்னிக்குத்தான் அரிக்குதா?" என்று கேட்டார். வேறு எந்தக் கடையிலும் செட்டு வாங்கக் கூடாது என்று சொல்லி, என் மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார். விசாரித்த வரையில் அவர் அதை மீறவில்லை. மீறியிருந்தால் பிழைத்திருப்பார்.

ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துபோயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். தெரியும். பட்டயப் படிப்பில் இருந்தது. தேர்வில் அந்தக் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். ஆனால் அது மருத்துவர் எழுதிக் கொடுத்து, பெயரும் அளவும் குறித்து வாங்கிச் சாப்பிடும் நோயாளிகளைப் பற்றியது என்றே என் மனதில் பதிந்திருந்தது. பொட்டலத்தை நாங்கள் சிகிச்சை என்று நினைத்ததே இல்லை. சிகிச்சை என்று நினைக்காததை நிறுத்துவதில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்று இருந்துவிட்டேன். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

அதன் பிறகு 21-ஆம் தேதி சனிக்கிழமை வேம்புலியம்மாள் மறுபடி வந்தார். கண்ணாடி மேசையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருப்பதாகவும், சோறு இறங்கவில்லை என்றும், மூன்று வீட்டு வேலையில் இரண்டை விட்டுவிட்டதாகவும் சொன்னார். நான் பயிற்சியில் சொன்னபடி, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"நீ இன்னா டீச்சரம்மாவா? நீயே பாத்து மார்க்கு போட்டுக்கோ."

நான் எட்டு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். செட்டை விட்டதால் பழைய வலி திரும்புகிறது, சில நாளில் சரியாகும் என்று நினைத்துக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் சொல்லி அனுப்பினேன். போகும்போது அவர் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பு இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

மறுநாள் 22-ஆம் தேதி மூன்றாவது வகுப்பு. முதலாளி ஐயப்பன்தாங்கலில் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போக வேண்டியிருந்ததால், "ரெண்டு நாளு கேட்டது பத்தாதா? கடையத் தொற" என்றார். திறந்தேன். மதியம் வரை ஒன்பது பேர் வந்தார்கள். மீதி நேரம் நூலகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

23-ஆம் தேதி ஜேம்ஸ் கடைக்கு வந்து, முந்தைய நாள் வகுப்பில் தான் எழுதிய குறிப்புகளையும் என் பயிற்சிச் சான்றிதழையும் ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார். பெயர்களை முன்பே அச்சடித்திருந்ததால் மூன்று நாளும் நான் கலந்துகொண்டதாக அதில் இருந்தது. முதலாளி அதை அன்றைக்கே சட்டம் போட்டு மாட்டிவிட்டார். குறிப்புகளை நான் இழுப்பறையில் வைத்தேன். அன்று சரக்கு வந்திருந்தது.

24-ஆம் தேதி மாலை புஷ்பா வந்து, "அத்த வாந்தி எட்துகினே கீது அக்கா. எய்ந்தா கண்ணு இருட்டுதாம்" என்றாள். வாந்திக்கு மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொடியும் கொடுத்தேன். நாளைக்கும் நிற்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று சொன்னேன். இன்றைக்கே போ என்று சொல்லவில்லை.

26-ஆம் தேதி காலை வேம்புலியம்மாள் குளியல் மறைப்புக்குள் விழுந்து கிடந்ததாகவும், ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதாகவும், நாடி மிகவும் இறங்கியிருந்ததாகவும் பின்னர் அறிந்தேன். 27-ஆம் தேதி பிற்பகல் இறந்துவிட்டார். அன்று சாயங்காலம் புஷ்பா நேராகக் கடைக்கு வந்தாள். எதையாவது திடீரென்று நிறுத்தினார்களா என்று மருத்துவர் கேட்டாராம். "நான் இன்னான்னு சொல்லுவேன்? கவர எட்துகினு போய்க் காட்னேன். அதுல ஒண்ணுமே எய்தலியே. டாக்டரு என்னத் திட்றாரு" என்றாள். அவள் கையில் அந்த உறை அப்போதும் இருந்தது. அவள் அழவில்லை. நான் இழுப்பறையைத் திறந்து ஜேம்ஸின் குறிப்புகளை எடுத்தேன். முதல் வரி, 'நிறுத்திவிடாதீர்கள்.' இரண்டு பக்கங்கள் இருந்தன. படிக்க நான்கு நிமிடம் ஆனது.

28-ஆம் தேதி, மாத்திரையை நிறுத்தியதால்தான் தாயார் இறந்தார் என்று கன்னியப்பன் புகார் கொடுத்தது தெரிந்ததும், முதலாளி என்னைத் தனியாக அழைத்து, கிழவி தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்லும்படி கூறினார். "நாலு வருச கதய நீ எட்தா, மொதல்ல போறது உன் பார்மசி சர்டிபிகேட்டு. செவுத்துல மூணு நாளும் போனதா மாட்டிகீது பாரு, தெரிஞ்சே பண்ணேன்னு ஆயிடும். செத்ததா வந்து சாட்சி சொல்லப்போவுது?" என்றார். என் பதிவு போகும் என்று அவர் சொன்னது சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். அப்படி நான் சொல்ல முடியாது என்று சொன்னேன். நிறுத்தியது நான். அதற்கு முன் நான்கு வருடம் கொடுத்ததும் நான். கொடுத்தபோது யாரும் புகார் செய்யவில்லை. என் மேல் வழக்கு வந்திருப்பது கொடுக்காததற்காக. இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால், இந்த வழக்கு முடிந்த பிறகு எல்லாக் கடைகளும் கற்றுக்கொள்ளப்போவது ஒன்றே ஒன்றுதான், நான்காவது மாத்திரையை எடுக்கக் கூடாது என்பது. அதனால்தான் முதல் பொட்டலத்திலிருந்து சொன்னேன்.

இதுவரை எழுதியதும், உதவி ஆய்வாளர் தொலைபேசி அழைப்பு வந்து வெளியே போனார். அப்போது ஏட்டு கோவிந்தராஜ் பேனாவை மூடிவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். அவருடைய தாயாருக்கு மூட்டு வலி. இரண்டு வருடமாகப் பாரிவாக்கத்தில் ஒரு கடையில் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறாராம்.

"அதுலயும் சின்ன வெள்ள ஒண்ணு கீதும்மா. நேத்தோட தீர்ந்து போச்சி. இன்னியோட நிறுத்திடட்டுமா?"

நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். இப்போதே யாரையாவது அனுப்பி அதே பொட்டலத்தை வாங்கி, இன்றைய வேளை தவறாமல் கொடுங்கள் என்றும், நாளைக் காலை அந்த உறையோடு தாயாரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், இரண்டு வருடமாகச் சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றும், குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னேன். பொட்டலம் கொடுக்கக் கூடாது என்று பயிற்சி பெற்ற நான், காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, போய் வாங்கிக் கொடுங்கள் என்று சொன்னேன். இதெல்லாம் வாக்குமூலத்தில் தேவையில்லை என்று ஏட்டு சொன்னார். சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னதன் பேரில் சேர்க்கப்பட்டது. அவருடைய தாயாரின் பெயர் மட்டும் விடப்பட்டது.

மேலே எழுதியிருப்பது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நானும் ஒருமுறை வாங்கிப் படித்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை என்று உறுதி கூறிக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) கு. வசந்தகுமாரி
30.6.1997