சனிக்கிழமை ஹார்மனி

கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது நடுக்குரல், பாடுகிறவர்கள் பொதுவாகப் பொறுமைசாலிகள், சார். மெட்டு மேல்குரலான சோப்ரானோவுக்குப் போய்விடும், கம்பீரம் அடிக்குரலான பேஸுக்கு. நடுவில் நின்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. இதெல்லாம் டின்சி டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் பெயர் சுவக்கீன். ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை. மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பதும் நான்தான். என் மனைவி ஷீனா இறந்த வருஷம் மனதில் ஒரு மெட்டு வந்தது. அதற்கு அடியில் எந்தச் சுரக்கூட்டை, எந்தக் கார்டை வைத்தாலும் அது செத்துவிடும். வருஷக்கணக்காக அதோடு கிடந்தேன்.

டின்சி சென்னையில் இசை படித்தவள். அங்கே ஒரு ஸ்டூடியோவில் கோரஸ் பகுதிகள் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா செபமாலையம்மாளுக்கு இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியதால், எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தாள். என்னைவிட ரொம்ப இளையவள். பாடம் கேட்டுப் போனேன். மெட்டை வாசித்துக் காட்டினேன்.

"அண்ணே, பேஸையும் மெட்டையும் ஒண்ணாவே மேல ஏத்துறீங்க. ரெண்டு பேரு பாடுறாங்க, கேக்குறது ஒருத்தர் குரலுதான். பேஸ கீழ எறக்கிப் பாருங்க."

இறக்கினேன். ஷீனா போன பிறகு நான் முதன்முதலாக அழுதது அன்றுதான்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் பாடம். மற்ற நாட்களில் சாப்பிட்டாயா என்று கேட்கவும் எனக்கு ஆள் கிடையாது. டின்சி பணம் வாங்கமாட்டேன் என்றதால், கட்டப்பனைக்குப் போய் அவள் அம்மாவுக்கு மருந்து வாங்கி வருவதை நான் ஏற்றுக்கொண்டேன். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, இதயத்துக்கு ஒரு டப்பா, கால்சியத்துக்கு ஒரு டப்பா என்று போட்டுக் கொடுப்பேன்.

அம்மாவுக்கு வீக்கம் வடிந்தது. கோயிலுக்கு நடந்தே வந்தார். ஒரு சனிக்கிழமை டின்சி சொன்னாள்: "அம்மா தேறிட்டாங்கண்ணே. ஈஸ்டர் கழிஞ்சதும் நான் சென்னைக்குக் கெளம்புறேன். பாடத்த போன்ல வச்சுக்கலாம்."

"நல்லது டீச்சர்" என்றேன்.

அவள் கிளம்பும் முன்பே, அவரவர் வீட்டிலிருந்து போனில் முயன்றும் பார்த்தோம். எங்கள் மேட்டில் சிக்னல் விட்டு விட்டு வரும். நான் வாசித்து முடித்த பிறகுதான் அவள் குரல் வந்து சேரும். ஹார்மனி ஒரே நேரத்தில் கேட்க வேண்டியது, சார்.

இரண்டு மாத்திரையும் பார்க்க ஒன்றுபோல வெள்ளையாக இருக்கும். அடுத்த முறை இதய டப்பாவில் கொஞ்சம் கால்சியத்தைக் கலந்தேன். முழுக்க மாற்றவில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவன் அல்ல. லேசாகக் கால் வீங்கினால் போதும் என்று நினைத்தேன்.

வீங்கியது. டின்சி பயணத்தைத் தள்ளிப்போட்டாள். அந்த நாட்களில்தான் நான் அதிகம் கற்றேன். ஆல்டோ முழுவதும் எழுதி முடித்தோம். செபமாலையம்மாள் தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். "தம்பி, ஒங்க பாட்டு நல்லா வருது. எனக்குத்தான் மூச்சு வரமாட்டேங்குது" என்று சிரிப்பார். நான் வெந்நீர் ஆற்றிக் கொடுப்பேன். அவர் கொஞ்சம் தேறினதுபோலத் தெரிந்தால், அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகக் கலப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பாடத்தின் நடுவிலேயே அவருக்கு மூச்சு திணறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் மண் சரிந்த ரோட்டில் நின்றுபோனது. மகள் மடியிலேயே போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஜெபமாலை சொன்னேன்.

டாக்டர் டப்பாக்களை வாங்கிப் பார்த்து, இதய மாத்திரை இருக்கவேண்டிய இடத்தில் கால்சியம் இருப்பதாகச் சொன்னார். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஒருமுறை இரண்டு டப்பாவும் கைதவறி விழுந்து, டின்சிதான் பொறுக்கிப் போட்டிருக்கிறாள்.

"நான்தான் மாத்திப் போட்டுட்டேண்ணே. எங்கம்மாவ நானே கொன்னுட்டேன்."

அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாப்பிடுவதில்லை. கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டாள். சனிக்கிழமை போனேன். "இனி ஒரு சத்தமும் எனக்கு வேண்டாம்ணே" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை கதவே திறக்கவில்லை. வாசலில் மழையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். என்னால் முடியவில்லை, சார்.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியது நான். தெரிந்தேதான் மாற்றினேன். கடைசி மாதம் அந்த டப்பாவில் இதய மாத்திரை ஒன்றுகூட இல்லை.

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நீங்கள் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடவேண்டும். மனம் லேசாகிவிட்டால் பழையபடி வாசிப்பாள். ஜெயிலில் சனிக்கிழமை பார்க்க விடுவார்களா? ஆண்களின் மேல்குரல், டெனர், இன்னும் எழுதவில்லை. நான் கேட்டேன் என்று சொன்னால் போதும், வந்துவிடுவாள். என்மேல் அவளுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.