பலகையில் இன்னும் ஒரு சிவப்பு டோக்கன்

மேடையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் கப்பல் தொழிலாளர் சங்கத் தலைவர் சுலைமான் பாய் அவர்களே! எங்கள் அண்ணி கண்ணம்மா அவர்களே! ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! துணைச் செயலாளர் தமிழரசுவின் வணக்கம்.

நம் செயலாளர், போசன் வேம்புலி போய்விட்டாரா? கோவில்பதாகையில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, கப்பலில் தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரியாக, போசனாக உயர்ந்த வேம்புலி போய்விட்டாரா? போன வாரம் சாயங்காலம் இந்த அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போய், கொரட்டூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நானும் தோள் கொடுத்தேன். கொள்ளி வைக்கும்போது பக்கத்தில் நின்றேன். ஆனாலும் 'போய்விட்டார்' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள். கப்பலில் ஏணி இறங்கும் இடத்தில் இப்படி ஒன்று இருக்கும். ஆளுக்கொரு டோக்கன். கரைக்குப் போகிறவன் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டு இறங்குவான். வந்து ஏறியதும் பச்சைக்கு மாற்றுவான். அப்படிக் கரைக்குப் போன இடத்தில் இறந்தவர்களுக்காக அண்ணன் இதை இங்கே மாட்டினார். குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கிற வரை சிவப்பு. கிடைத்த அன்று குடும்பத்தார் கையாலேயே பச்சை. எத்தனை பச்சை பாருங்கள்! ஒன்றே ஒன்றுதான் சிவப்பு. அது நம் கோகுல்நாத்.

முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருக்கும் தங்கச்சி கார்த்திகாவின் கணவர். வெளிநாட்டுத் துறைமுகத்தில், வீட்டோடு பேச சிம் கார்டு வாங்கப் போனவரை லாரி அடித்துவிட்டது. 'சொந்த வேலையாகப் போனார், பணியில் சாகவில்லை' என்று கையை விரித்தது கம்பெனி. அண்ணனுக்கு வந்ததே கோபம்! வழக்குப் போட்டு, அவர்கள் வக்கீலைக் கோர்ட் வராண்டாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா பேசுற? அவன் இன்னா ஊட்டுக்கா போய்க்கினு இருந்தான்? உன் பலகைல அவன் டோக்கன் தொங்குதில்ல? செவப்போ பச்சையோ, அவன் உன் ஆளுதான்யா! கடைசி ஆளு உள்ள வராம போசன் ஏணியத் தூக்க மாட்டான், தெரிஞ்சுக்கோ!"

அடுத்த விசாரணையில் இதையேதான் சொல்ல இருந்தார். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

இனிமேல் சொல்வதைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அண்ணன் தனக்கும் ஒரு டோக்கன் மாட்டியிருந்தார். வந்ததும் பச்சை, கிளம்பும்போது சிவப்பு. கடைசி நாள் அவர் சிவப்புக்குத் திருப்பியதை நானே பார்த்தேன். தகனம் முடிந்த மறுநாள் காலை, வழக்கு என்ன ஆகும் என்று கேட்க வந்த கார்த்திகாவை வைத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினேன். அந்தப் பொண்ணு பலகையில் அண்ணனின் டோக்கனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே... அவரு உள்ள கீறாரு."

பச்சை!

ஒரு சாவி என் இடுப்பில். இன்னொன்று ஆஸ்பத்திரியில் அண்ணி கையில் கொடுத்த பையில். அறைக்கு ஜன்னல் கிடையாது. பேய் பிசாசு என்றால் கிண்டல் அடிக்கிறவன் நான். எலி தட்டியிருக்கும் என்று சொல்லி, சிவப்புக்குத் திருப்பி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். மறுநாளும் பச்சை! அவருடைய நாற்காலி பலகையைப் பார்த்தபடி திரும்பிக் கிடந்தது. அதற்கப்புறம் நான் தொடவில்லை. பயம்தான் தோழர்களே, எனக்கு என்ன வெட்கம்? இப்போதுகூட நீங்கள் எல்லோரும் என் தோளுக்கு மேலே எதையோ பார்க்கிறீர்கள். நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

யோசித்துப் பார்த்தேன். கோகுல்நாத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அதேபோல விட்டுவிட்டுப் போக வேம்புலிக்கு மனசு வருமா? ஒருநாளும் வராது!

ஆகவே, மௌன அஞ்சலிக்கு உங்களை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டிய நான், சொல்லப் போவதில்லை. உட்காருங்கள். உள்ளே இருக்கிறவரை எப்படி வழியனுப்புவது? விசாரணைக்கு நான் போகிறேன். அவர் கேட்ட கேள்வியை நான் கேட்கிறேன். கார்த்திகா தன் கையால் அந்த டோக்கனைத் திருப்புகிற அன்று எல்லோரும் இங்கே கூடுவோம். எழுந்து நிற்போம். அழுவோம். அண்ணனை அன்றைக்கு அனுப்பிவைப்போம்.

அதுவரைக்கும், அண்ணே, ஏணியைத் தூக்கிடாதீங்க!