வெல்வெட் கோட்டுப் பிரபு

பிரபுவா? வருவாரு, வருவாரு. லீட்ஸ்லேருந்து பஸ் பிடிச்சு மூணாவது தடவையா வந்திருக்கீங்க, வராம இருப்பாரா? உட்காருங்க. அந்தக் கேக்கைத் தொடாதீங்க, பழசு. இந்த ஸ்கோன் ரொட்டியைச் சாப்பிடுங்க.

நேத்து குளத்தங்கரைல, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாராமே? அவரேதான் சொன்னாரு. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க வினிஃப்ரெட்டம்மா.

பிரிட்டன் பூரா பரம்பரைப் பிரபுக்கள் எத்தனை பேர் இருப்பாங்க? ஆயிரக்கணக்குலயா? அட போங்க! மொத்தப் பேரையும் ஒரே ரயில்ல ஏத்திடலாம். அதுல ஒருத்தர் உங்க பக்கத்துலயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்னாலும் உங்களுக்குத் தெரியாது. அவங்க மூஞ்சியை யார் பாத்திருக்கா?

இந்த வீட்டுப் பிரபுவும் அப்படித்தான். போன வசந்தத்துல, இந்தப் பழைய மாளிகையைப் பாக்க டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்குச் சுத்திக் காட்ட அவரே நின்னாரு. ஒல்லி உடம்பு, முழங்கை கிழிஞ்ச ஸ்வெட்டர். ஒரு அம்மா நனைஞ்ச குடையை அவர் கைல குடுத்துட்டு, பிரபு எப்பப்பா வருவாருன்னு கேட்டாங்க.

அந்த நேரம் பாத்து நிலவறைல குழாய் ஒடைஞ்சு, பிளம்பர் கிளைவ் தொப்பலா நனைஞ்சு மேல வந்தான். குளுருதேன்னு பிரபு தன் தாத்தாவோட வெல்வெட் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாரு. அவ்வளவுதான்! அந்தத் தொப்பையும் மீசையும்... கூட்டமே குனிஞ்சு வணக்கம் போடுது! அவன் சும்மா இருப்பானா? சுவத்துல இருந்த படத்தைக் காட்டி, எங்க கொள்ளுத்தாத்தா, சீட்டாட்டத்துல பாதிக் காட்டை விட்டவருன்னு அளந்துவிட்டான். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அன்னிலேருந்து, வர்ற கூட்டத்துக்கெல்லாம் அவன்தான் இங்க பிரபு.

ஆமாம்மா, நீங்க பாக்க வந்தவனேதான்.

எந்திரிக்காதீங்க, டீ கொட்டிடும். கோபப்படுங்க, நியாயம்தான். ஆனா அவன் பொண்டாட்டியைப் பறிகொடுத்தது நிஜம். உங்களுக்குக் குடுத்த தக்காளியும் அவன் வளத்த செடில காய்ச்சதுதான். நேத்து உண்மையைச் சொல்லத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனான். வாய் குழறி, கல்யாணத்தைக் கேட்டுத் தொலைச்சிட்டான். இப்ப உங்க மூஞ்சில முழிக்க பயந்து, என்னைத் தூது அனுப்பிட்டு, சமையல்கட்டுல பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில போய்ப் படுத்துட்டிருக்கான்.

சிரிக்கிறீங்களா? அப்பாடா! போங்க, அந்தக் கதவுதான். கால் ரெண்டும் வெளிய நீட்டிட்டிருக்கும்.

என்னது, நிஜப் பிரபுவா? நான்தாம்மா அது. அய்யோ, வணக்கமெல்லாம் எதுக்கு? ஒரே ஒரு உதவி பண்ணுங்க. கட்டிக்கிட்டு அவனை லீட்ஸுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டத்துக்கிட்ட நான்தான் பிரபுன்னா யார் நம்புவா?