கசகசாவைத் திருப்பி அனுப்பியவர்

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி குன்றத்தூர் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். தேங்காய்ப் பையை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள்:

"முருகன் கோயில்ல கஸ்டம்ஸ்காரர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும்க்கா."

"இன்னாத்துக்கு?"

"எங்க வூட்டுக்காரர் துபாய் போறப்ப, குருமா வச்சிக்கச் சொல்லி கசகசா கட்டிக் குடுத்தேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல பெட்டியத் தொறந்த ஆபீசர், இத எடுத்துகினு போகக் கூடாது, வெளிய குடுத்துட்டு வான்னு இவரத் திருப்பி அனுப்பிட்டாரு. வாசல்ல நின்னுகினு அந்த ஆளக் கண்டமேனிக்குத் திட்டினேன்."

"கசகசாவுல இன்னா கீது?"

"அந்த ஊர்ல அது போதைச் சாமானாம். மண்ணூர்க்காரர் ஒருத்தர் தெரியாம எடுத்துகினு போயி, அங்க ஜெயில்ல கீறாரு. நேத்து அவர் சம்சாரம் அழுதுகினே சொல்லிச்சு."



"பேரு, நட்சத்திரம் தெரியுமா? ஐயர் கேப்பாரே."

"தெரியாது. ஆனா அந்த ஆளு நல்லாவே இருக்கக் கூடாதுன்னு அன்னிக்கு இதே முருகன்கிட்டதான் வேண்டிகினேன். யாருன்னு அவருக்குத் தெரியும்."