தூங்க வைத்த வளைவு

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது, கவனித்தீர்களா? பின்காலில் திருகு தளர்ந்திருக்கிறது. ஒரு முறுக்கு முறுக்கினால் சரியாகிவிடும். கண்ணில் பட்டதால் சொன்னேன், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நானாகத்தான் வந்திருக்கிறேன். தவறு பாப்பாவுடையது என்று நீங்கள் விசாரணை அறிக்கை எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். வாய் திறந்து பதில் சொல்ல முடியாதவள் மேல் பழி போடுவது நியாயமில்லை.

பாப்பா என் மனைவியின் தங்கை. வீட்டில் கூப்பிடும் பெயர் ஆபீசிலும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அங்கே வேலைக்குச் சொல்லிவைத்ததே நான்தான். ஒரு பொருளைத் திரையில் வரைந்து, அது தாங்குமா உடையுமா என்பதையும் திரையிலேயே பார்த்துவிடுவது எங்கள் தொழில். கடைசியாகச் செய்தது ஒரு தொங்குமேடை. உயரமான கட்டடங்களில் வெளியே தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பார்களே, அது. எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கேதான் அதை மாட்டினார்கள். மொத்த பாரமும் மொட்டைமாடியில் உள்ள ஓர் இரும்பு பிராக்கெட்டில் வந்து நிற்கும். அதை வரைந்தவன் நான்.

மீட்டிங்கில் அதைப் பெரிய திரையில் காட்டினேன். பாப்பா எட்டிப் பார்த்தாள்.

"மாமா, உள்மூலையை இப்படிக் கூரா விட்டுட்டீங்களே. அங்கதான் விரிசல் விடும். ஒரு வளைவு குடுத்துருங்க."

"என்ன சார், மச்சினிச்சிக்கு இருக்கற கண்ணு உங்களுக்கு இல்லையே" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் அந்த பிராக்கெட் அவள் பொறுப்புக்குப் போனது. வீட்டில் என் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே இதைப் பாப்பா வாயால் இரண்டாம் தடவையாகக் கேட்டு ரசித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவுதான், பெரிய கோபம் ஒன்றுமில்லை.

எங்கள் பட்டறையில் காகித வரைபடத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முப்பரிமாணக் கோப்பை நேராக இயந்திரத்துக்கு ஊட்டிவிடுவார்கள். வெட்டி வந்ததைச் சரிபார்ப்பதும் அதே கோப்பை வைத்துத்தான். கோப்பில் இல்லாத வளைவு யார் கண்ணுக்கும் இல்லாத வளைவு. இன்னொரு பழக்கமும் உண்டு. சிமுலேஷன், அதாவது திரையில் செய்யும் அந்தச் சோதனை, ஓடும்போது யாரும் கணினியைப் பூட்டிவிட்டுப் போக மாட்டோம்.

பாப்பா சாப்பிடப் போயிருந்தாள். அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் போட்டிருந்த வளைவை நான் அழிக்கவில்லை. மென்பொருளில் ஓர் அம்சத்தை அழிக்காமல் தற்காலிகமாகத் தூங்க வைக்கலாம். தூங்க வைத்தேன், பட்டறைக்கான கோப்பை எடுத்து அனுப்பினேன், மறுபடி எழுப்பிவிட்டேன். அவள் திரும்பி வந்தபோது திரையில் எல்லாம் அவள் விட்டபடியே இருந்தது.

சோதனையில் மணல் மூட்டைகளை ஏற்றுவார்கள், பிராக்கெட் விரிசல் விடும், அவள் தலைகுனிவாள் என்று நினைத்தேன். மூட்டைகள்தானே. ஆனால் பிராக்கெட் தாங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு எனக்கிருந்தது பயம் மட்டும்தான். காலையில் மேடை மேலிருந்து இறங்கி எங்கள் சன்னலைக் கடக்கும். அதில் நின்று துடைக்கும் கண்ணாடி அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். கயிறு முனகும். மேடை கீழே போகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

பயம் தாங்காமல், அந்த வளைவு இல்லாத பிராக்கெட்டை நானே சிமுலேஷனில் ஓட்டினேன். மூலை சிவந்தது, உடையும் இடம் என்று அர்த்தம். கூர்மூலையில் தெரியும் சிவப்பை நம்பாதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கணக்குக்காகப் பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். கட்டத்தைச் சிறிதாக்க ஆக்க, கூர்மூலையில் அழுத்தத்தின் எண் முடிவில்லாமல் ஏறும். அது மென்பொருளின் மாயை. அதைச் சொல்லிச் சொல்லியே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் நிஜத்தில் எந்த மூலையும் அவ்வளவு கூராக இருக்காது, வெட்டும் கருவி கொஞ்சம் மழுங்கலாகத்தான் விட்டுப்போகும். அந்த மழுங்கலையும் வரைந்து ஓட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை எண் ஏறவில்லை, ஓரிடத்தில் நின்றது. சிவப்பு மட்டும் போகவில்லை. ஏறி இறங்க ஏறி இறங்க விரிசல் வளரும், அடுத்த மழைக்காலத்தைப் பார்க்காது என்று வந்தது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியுமா?

அன்று காலை கண்ணாடி அண்ணன் மேலே ஏதோ கிறீச்சிடுவதாக வந்து சொன்னார். பாப்பா உடனே எழுந்துவிட்டாள். அவள் சுபாவம் அது.

"மாமா, அண்ணன்கூட இறங்கிப் பாத்துட்டு வரேன். பாரம் இருந்தாத்தான் சத்தம் எங்கன்னு தெரியும். நீங்களும் வரீங்களா?"

"எனக்குத் தலை சுத்தும்மா. நீ போயிட்டு வா."

"பயந்தாங்கொள்ளி மாமா" என்று சிரித்துக்கொண்டே படியேறினாள்.

சத்தம் கேட்டபோது நான் என் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளைச் சும்மா அனுப்பவில்லை. "பெல்ட்டைப் போட்டுக்கோ, கொக்கியை மறக்காம மாட்டிக்கோ" என்று படிக்கட்டு வரை போய்ச் சொன்னேன். அக்கறை இல்லாதவன் சொல்வானா? மாட்டினாளாம், பக்கத்தில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கொக்கியை மாட்டுவதற்கும் அதே பிராக்கெட்டில்தான் நான் இடம் விட்டிருந்தேன்.